அத்தை பார்த்த பீர்!

விடியற்காலை ஐந்து மணிக்கு செல்போன் அடித்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு, மெல்பர்னில் இருக்கும் என் அத்தை மகனுக்கு நம்ம ஊர் டயம் மறந்து போச்சு.

அன்றைக்கு இரண்டாவது காரணம்.

"மச்சான், வாட்ஸ்அப்ல மூணு போட்டோ அனுப்பியிருக்கேன். பார்த்துட்டு உடனே சொல்லு. அவசரம்!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். முதல் போட்டோவில் வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, ஆறிப்போன பால் மேல் கட்டும் ஆடை மாதிரி என்னவோ இருந்தது. இரண்டாவதில் அதே சமாசாரம், க்ளோஸ்-அப்பில். மூன்றாவதில் பக்கவாட்டில் குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்.

"என்னடா இது?"

"பீர்."

"என்னது?"

"கத்தாதே. நானே வீட்டுல போட்டேன். 23 லிட்டர். மூணு வாரம் ஆச்சு. இப்ப மேல இப்படி ஆடை கட்டியிருக்கு. குடிக்கலாமா, கூடாதா?"

நான் படித்தது பி.காம். காக்களூர் தொழிற்பேட்டையில் நாலைந்து சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. கட்டிக் கொடுத்து, மிச்ச நேரத்தில் இந்த மாதிரி எதையாவது எழுதிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவன். எனக்கு டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். பாக்டீரியா தெரியாது. அதைச் சொன்னேன்.

"உன்னை யார்றா கேட்டா? அம்மாகிட்ட போட்டோவைக் காட்டிக் கேளு. பீர்னு மட்டும் சொல்லிடாதே. கூழுக்குக் கரைச்சதுன்னு சொல்லு."

டொக்!

சட்டம் தெரிந்த வாசகர்கள் கோபப்படுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் போட்டுக்கொள்ளலாம். விற்கக் கூடாது. சாராயமாக வடிக்கக் கூடாது. மால்ட் டின், ஈஸ்ட் பாக்கெட், டிரம் எல்லாம் சேர்த்து செட்டாகவே கடையில் கிடைக்கிறது. அமெரிக்காவில்கூட 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மத்திய சட்டம் இதற்கு வழி விட்டது. நம் தமிழ்நாட்டில் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கே லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் போட்டால், மேலே கட்டிய ஆடையைப் பார்க்க என் அத்தை வர மாட்டார். இன்ஸ்பெக்டர் வருவார்.

போகட்டும். அவன் ஏன் அத்தையைக் கேட்கச் சொன்னான்?

திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி மணவாள நகர் பக்கம் வந்தால், அத்தையின் கூழ் வண்டியைப் பார்க்காமல் நீங்கள் போக முடியாது. நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி வழிகிறவர்கள், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் டிரெய்னிப் பையன்கள், அரக்கோணம் வண்டியைத் தவறவிட்டவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு சொம்பு கூழ். கடித்துக்கொள்ள உப்பு மாங்காய், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். மகன் வெளிநாடு போய் ஆறு வருஷமாகியும் வண்டியை விடவில்லை. "சும்மா உக்காந்தா காலு புடிச்சுக்கும்டா" என்பார்.

இருபத்திரண்டு வருஷமாக தினமும் ராத்திரி கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய்யோடு கிண்டி இறக்குகிறவர். ஒருத்தருக்குக்கூட வயிற்றைக் கலக்கியது கிடையாது. இந்தப் பேட்டையில் அவரைவிடப் பெரிய நிபுணர் யார் சார் இருக்கிறார்கள்?

ஐந்தேகாலுக்குப் போய் நின்றேன். அத்தை அடுப்பின் முன் துடுப்போடு இருந்தார்.

"இன்னாடா இவ்ளோ சீக்கிரம்? பொண்டாட்டி தொரத்திட்டாளா?"

"இல்ல அத்தே... இதைக் கொஞ்சம் பாருங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் கூழுக்குக் கரைச்சு வெச்சானாம். மேல இப்படி ஆயிடுச்சாம்."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனைக் கையில் வாங்கினார். நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி கேள்விகள் வந்தன.

"முடி முடியா இருக்குதா, வழவழன்னு இருக்குதா?"

நான் மெல்பர்னுக்கு டைப் அடித்தேன். பதில் வந்தது. வழவழ.

"பச்சை, கறுப்பு, ரோஸு... ஏதாவது புள்ளி கீதா?"

இல்லையாம். வெள்ளை மட்டும்தான்.

"மோந்து பாத்தானா? புளிச்ச வாடையா, அழுகின வாடையா?"

புளிச்ச வாடையாம். கொஞ்சம் நெயில் பாலிஷ் வாடையும் அடிக்கிறதாம்.

"மூடியை எத்தனை வாட்டி தொறந்தான்?"

இதற்கு மட்டும் பதில் வர ஒரு நிமிஷம் ஆனது. தினம் நாலு தடவையாம்! பையன் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபோதுகூட இத்தனை தடவை எட்டிப் பார்த்ததில்லை.

அத்தை ஒன்றும் சொல்லாமல் மூலையில் இருந்த பீங்கான் ஜாடியை இழுத்து, வேடு கட்டிய துணியை அவிழ்த்துக் காட்டினார். உப்பு மாங்காய். தண்ணீர் மேல் மெல்லிசாக ஒரு வெள்ளை ஆடை!

"இதுவும் அதேதான். பூத்திருக்குது. நேத்து யாரோ கல்லை எடுத்துட்டுத் திரும்ப வெக்கல. தண்ணிக்கு மேல எந்த மாங்கா தலையை நீட்டுதோ, அதுதான் மொதல்ல கெடும்." சுத்தமான கரண்டியால் ஆடையை வழித்து எறிந்தார். மேலே மிதந்த இரண்டு மாங்காயைப் பொறுக்கிப் போட்டார். மிச்சத்தின் மேல் கல்லை வைத்து உப்புத் தண்ணிக்குள் அமுக்கினார். அவ்வளவுதான் வைத்தியம்.

பிறகு வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அத்தை கேட்ட நாலு கேள்விக்கும் பின்னால் உருப்படியான விஞ்ஞானம் இருக்கிறது. பி.காம். மூளைக்குப் புரிகிற மாதிரி அதை மூன்று பேரேடாகப் பிரித்துவிட்டேன்.

முதல் பேரேடு, நல்ல கணக்கு. பீர் போட்ட முதல் சில நாட்களில் மேலே கெட்டியாக நுரை தள்ளும். அதில் பழுப்பாக, பச்சையாக அழுக்கு மாதிரி ஒட்டியிருக்கும். புதிதாகப் போடுகிறவன் பயந்துவிடுவான். அது ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் பிசினும், ஈஸ்ட்டும். நுரை அடங்கின பிறகு தீவு தீவாக மிதப்பதும் பெரும்பாலும் ஈஸ்ட் கட்டிதான். தொட வேண்டாம், கொட்ட வேண்டாம்.

இரண்டாவது, ஐயக்கடன். அதாவது வரலாம், வராமலும் போகலாம். நம்ம ஆளின் வெள்ளை ஆடை இந்த வகை. காற்றில் திரிகிற காட்டு ஈஸ்ட்டும், சில பாக்டீரியாக்களும் உள்ளே புகுந்துவிட்டால், காற்று கிடைக்கும் மேல்பரப்பில் இப்படிப் பாய் விரித்துக்கொள்ளும். காற்று வேண்டும் என்பதுதான் முக்கியம். அதனால்தான் அத்தை "எத்தனை வாட்டி தொறந்தான்?" என்றார். இது பெரும்பாலும் ஆளை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்த சரக்கு, புளிப்பு, ஹாப்ஸ், ஆல்கஹால் என்று நாலு காவல்காரர்கள் நிற்கும் இடத்தில் நோய்க் கிருமிகளுக்கு வேலை நடக்காது. ருசிதான் போகும். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒரு பீர். காற்றில் வருகிற கிருமிகளையே வேலைக்கு வைத்து, மரப் பீப்பாயில் வருஷக் கணக்கில் விடுவார்கள். அங்கே இந்த ஆடை கட்டாவிட்டால்தான் முதலாளிக்குக் கவலை.

மூன்றாவது, வாராக்கடன். முடி முடியாக, பஞ்சு மாதிரி, வட்டம் வட்டமாக, பச்சை, நீலம், கறுப்பு என்று வந்தால் அது பூசணம். மறுபேச்சே கிடையாது, தள்ளுபடி! மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் இங்கே செல்லாது. பூசணத்தின் இழையும் விஷமும் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கலாம். 1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் பூசணம். அஃப்லாடாக்ஸின் என்ற விஷத்தை உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். கூழ் மாவிலோ இட்லி மாவிலோ ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் புள்ளி வந்தாலும் இதே தீர்ப்புதான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நாம் பூசணத்தை 'பூத்துப் போச்சு' என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் ஒயின் மேல் கட்டுகிற இந்த வெள்ளை ஆடைக்குப் 'பூ' என்றுதான் பெயர் வைத்தார்கள். லூயி பாஸ்டர் அந்தப் பூவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர். 1876-ல் பீருக்கு வருகிற வியாதிகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். அவருக்கு மைக்ராஸ்கோப் இருந்தது. அத்தைக்கு மூக்குக் கண்ணாடி.

சரி, அடுப்பங்கரைக்குத் திரும்புவோம். அத்தை மாங்காய் ஜாடிக்கு வேடு கட்டிக்கொண்டிருந்தபோது செல்போன் மறுபடி 'டிங்' என்றது.

"இன்னா எழுதியிருக்கான் உன் ஃப்ரெண்டு?"

படித்தேன். படித்த பிறகுதான் வாயை மூடியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

"இதைக் குடிச்சா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதேன்னு கேக்கறான் அத்தே."

அத்தையின் கை வேட்டு முடிச்சிலேயே நின்றது.

"கூழ் குடிச்சா கண்ணு போயிடுமான்னு எவனும் கேக்க மாட்டான்டா. அது என் புள்ளதானே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அதுவும் இல்லாம, கூழுக்கு யாருடா குழாய் வெப்பான்?"

சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாமா லாரியில் லோடு ஏற்றுகிறவர். கை நிறையச் சம்பாதிப்பார், வாய் நிறையச் சிரிப்பார், வாரக் கடைசியில் கொஞ்சம் குடிப்பார். ஒரு சித்திரை மாசம் எவனோ கொடுத்தான் என்று பாக்கெட் சாராயம் குடித்துவிட்டு வந்து படுத்தார். மறுநாள் காலை எழுந்து வாசலுக்கு வந்தவர், "ஏன்டி, இன்னும் பனி மூடியிருக்குது?" என்று கேட்டாராம்.

சித்திரை மாசத்தில் ஏது சார் பனி?

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கண் திரும்பவில்லை. அப்போது என் மச்சானுக்கு ஏழு வயசு. அதற்குப் பிறகு பதினோரு வருஷம், மாமா போய்ச் சேருகிற வரைக்கும், டீக்கடைக்கும் ஸ்டேஷனுக்கும் வீரராகவர் கோயிலுக்கும் அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவன் அவன்தான். நாங்கள் கிரிக்கெட் ஆடும்போது அவன் அவுட்டாகாமலே பாதியில் ஓடுவான்.

அத்தை மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பாக்கெட்டுல மிச்சம் இருந்ததை நான் டம்ளர்ல ஊத்திப் பாத்தேன்டா. பளிங்கு மாதிரி இருந்துச்சு. ஒரு நுரை இல்ல, ஒரு ஆடை இல்ல, ஒரு தூசு இல்ல. குடிக்கிற தண்ணியாட்டம் அவ்ளோ சுத்தம்."

இதுதான் விஷயம். டிரம்மின் மேல் கட்டின ஆடையை நாம் மணிக்கணக்கில் ஆராயலாம். ஆளைக் கொல்லுகிற மெத்தனால் ஆடை கட்டாது, பூக்காது, நிறம் மாறாது. வாடையும் சாதாரண ஆல்கஹால் மாதிரியேதான் இருக்கும். உள்ளே போன பிறகு நம் ஈரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத்தான் தேடிப் பிடிக்கும். குடித்த உடனே தெரியாது. பெரும்பாலும் 12 மணியிலிருந்து 24 மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கும். அதுவும் பனி மூடின மாதிரி, வெள்ளையாக.

2023 மே மாசம் மரக்காணம் பக்கம் செத்தவர்களும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் செத்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களும் குடித்தது மெத்தனால் கலந்ததுதான். மால்ட் புளிக்கும்போது ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. தொழிற்சாலைக்கென்று தயாராகிற மெத்தனாலைத் திருடிக் கொண்டுவந்து சாராயத்தில் கலக்கிறார்கள். புளித்ததால் வந்த சாவு இல்லை அது. கலந்ததால் வந்த சாவு. எனவே ஆபீஸ் நண்பர் யாராவது எங்கேயோ குடித்துவிட்டு வந்து மறுநாள் 'கண்ணு மசமசங்குது' என்றால், மோர் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. நேரம்தான் முக்கியம்.

மச்சான் கேட்டது ஆடையைப் பற்றி இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை புத்தகம் படித்து, அத்தனை தூரம் போய், விலை கொடுத்து வாங்கின சுத்தமான மால்ட்டில் தானே போட்ட பீரை, அவன் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வெள்ளையாக ஒன்றைப் பார்த்ததும் ஏழு வயசுப் பையனாகிவிட்டான்.

"வீடியோல அவனைக் கூப்புடு" என்றார் அத்தை.

கூப்பிட்டேன். திரையில் வந்தவன் அம்மாவைப் பார்த்ததும், காப்பி அடித்துப் பிடிபட்டவன் மாதிரி விழித்தான். பிறகு திரைக்குள்ளேயே என்னைத் தேடி ஒரு முறை முறைத்தான்.

"டிரம்மைக் காட்டு" என்றார். காட்டினான்.

"கிட்டக்க." காட்டினான்.

"இதைக் குடிச்சா கண்ணு போகாது. இது வெறும் புளிச்ச பூவு. உங்கப்பா குடிச்சது வேற. பயப்படாதே."

அவன் பேசவில்லை. ஆனால் தோள் இறங்கினது தெரிந்தது.

"ஆனா கொட்டிடு."

"ஏம்மா? இப்பதானே ஒண்ணும் ஆகாதுன்னே?"

"கெட்டதுனா மட்டும்தான் கொட்டணுமா? வாய்ல வெக்க முடியாதுடா. தினம் நாலு வாட்டி தொறந்தா எதுதான் உருப்படும்? அந்தக் குழாயைக் கழட்டிக் கழுவினியா?"

"...இல்லம்மா."

"குழாயைக் கழுவாதவனுக்கு எதுக்குடா இந்த வேலை?"

பிறகு எனக்குத் தெரிந்துகொண்டேன்: டிரம்மின் குழாய்க்குள் ஒட்டின பழைய சரக்குதான் கிருமிகளுக்கு மிகவும் பிடித்த வாடகை வீடாம். எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அத்தை சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

குடிக்காதே என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். "இன்னும் இல்லம்மா" என்றான். போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். அன்றைக்குக் கூழைக் கொஞ்சம் அதிக நேரமே கிண்டினார். வண்டி பத்து நிமிஷம் லேட்டாகப் போனது.

23 லிட்டரும் அன்றைக்கே சாக்கடைக்குப் போயிற்று. மெல்பர்ன் சாக்கடைக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் விடியற்காலை ஐந்து மணி. மறுபடியும் போட்டோ. இந்தத் தடவை அதே டிரம் இல்லை, எவர்சில்வர் பாத்திரம். உள்ளே பழுப்பாக, மேலே லேசாக ஒரு படலம்.

"மச்சான், இது நிஜமாவே கூழ். இந்தியன் கடையில கேழ்வரகு மாவு வாங்கி, நானே கரைச்சு, நானே கிண்டினேன். ஆனா மேல ஆடை கட்டியிருக்குடா! அம்மாவைக் கேளு!"

ஓடினேன். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். மாமா போன பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அந்த முட்டாளுக்குச் சொல்லு... ஆறின கூழுன்னா ஆடை கட்டத்தான்டா செய்யும். ஒரு பச்சை வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு, கலக்கிக் குடிக்கச் சொல்லு!"